மூக்கு வாசலில் ஒரு காவல்



தென்காசியில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டது. ஒரு நிமிஷம் வெயில், மறு நிமிஷம் தூறல், கோயில் கோபுர வாசலில் ஆளையே தள்ளுகிற காற்று. குற்றாலத்தில் அருவி விழத் தொடங்கினால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மூக்கும் விழத் தொடங்கிவிடும். வருஷா வருஷம் நடக்கிற கதை. இந்த இதழுக்குச் சாரல் காலச் சமையல் பற்றி எழுதலாம் என்றுதான் காகிதத்தை எடுத்து வைத்தேன். போன வெள்ளிக்கிழமை நடந்த ஒன்று எண்ணத்தை மாற்றிவிட்டது.

குழந்தைகள் வார்டில் பல வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதனால் தெருவில் எனக்கு 'சிஸ்டர் அத்தை' என்றே பெயர். அடுத்த தெருப் பெண் ஒருத்தி அன்று மாலை குடையும் கையுமாக வந்து நின்றாள். அவள் நாத்தனார் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். குழந்தை பிறந்து நாற்பது நாள். மாமியார் இருந்திருந்தால் மாமியார் பார்த்திருப்பார். அவர் போய்விட்டதால், பத்தியச் சமையலிலிருந்து பிள்ளையைக் குளிப்பாட்டுவது வரை எல்லாம் இவள் தலையில்.

"அத்தை, எங்க பெரியவன வந்து பாருங்க. தடுமம்தான் பிடிச்சிருக்கு, வேற ஒண்ணும் இல்ல. ஆனா மூணு நாளா பாப்பா இருக்குத ரூம் பக்கமே வர மாட்டேங்கான். சோத்தக்கூடத் திண்ணையில வச்சுத்தான் திங்கான். மூக்கச் சுத்தி ஒரு துண்டு வேற!"

"நல்லதுதானம்மா. பச்சப்புள்ள இருக்குத வீட்டுல தடுமம் பிடிச்சவன் தள்ளி இருக்கது புத்திதான?" என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. "புத்தி இல்ல அத்தை, பயம். ராத்திரி அழுதுக்கிட்டே கேக்கான், 'ஆச்சிக்கு நான்தான குடுத்தேன்? பாப்பாவுக்கும் குடுத்துருவேனா?'ன்னு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பையனுக்கு இப்போது 10 வயது. ஆச்சி போனது 2021 மே மாதம், இரண்டாவது அலையில். அப்போது அவனுக்கு 6 வயது. முதலில் காய்ச்சல் கண்டது அவனுக்குத்தான். ஒரே ஒரு ராத்திரி. மறுநாள் எழுந்து விளையாடப் போய்விட்டான். நாலாம் நாள் ஆச்சிக்குக் காய்ச்சல். பத்தாம் நாள் மூச்சுத் திணறல். அப்புறம் ஆச்சி வீட்டுக்குத் திரும்பவில்லை. பதினாறாம் நாள் விசேஷத்தில் யாரோ ஒரு உறவுக்காரப் பெண்மணி, "பேரன்தான ஆச்சிக்குக் கொடுத்தான்" என்று பந்தியில் சொல்லியிருக்கிறார். குழந்தைக்கு என்ன புரியும் என்று நினைத்திருப்பார். அவனுக்கு எல்லாம் புரிந்திருக்கிறது. நாலு வருஷமாக அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறான்.

ஒரே வீடு, ஒரே கிருமி. பேரனுக்கு ஒரு ராத்திரிக் காய்ச்சல், ஆச்சிக்கு மரணம். இது எப்படி? இதைப் புரிந்துகொண்டால் அந்தப் பிள்ளையின் மனபாரம் குறையும் என்று எனக்குத் தோன்றியது. உங்களில் எத்தனை பேர் வீட்டில் இதே கேள்வி பேசப்படாமல் கிடக்கிறதோ! அதனால் அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

புளியரை செக்போஸ்ட்

எங்கள் ஊரிலிருந்து கேரளாவுக்குப் போகிற வழியில் புளியரையில் ஒரு செக்போஸ்ட் இருக்கிறது. 2020ல் ஈ-பாஸ் இல்லாமல் அங்கே ஒரு வண்டி நகர முடிந்ததா? நம் உடம்புக்கும் அப்படி ஒரு செக்போஸ்ட் உண்டு. அது மூக்கிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தோல். கொரோனா முதலில் வந்து இறங்குகிற இடம் அதுதான்.

உடம்பில் இரண்டு விதமான காவல் இருக்கிறது. ஒன்று பிறக்கும்போதே கூட வருவது. வந்தவன் யார், எந்த ஊர் என்று விசாரிக்காது. அந்நியன் என்று தெரிந்தால் உடனே அடி! இன்னொன்று பழக்கத்தில் வருவது. ஒரு கிருமியைப் பார்த்து, அதன் அடையாளத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, அதற்கென்றே எதிர்ப்பொருள்களைத் தயார் செய்யும். இரண்டாவது காவல் கெட்டிக்காரன்தான். ஆனால் புதுக் கிருமி என்றால் ஆள் சேர்த்துக் கிளம்ப ஒரு வாரம், பத்து நாள் ஆகிவிடும்.

கொரோனா நம் எல்லோருக்கும் புதுக் கிருமி. ஆகையால் முதல் ஒன்றிரண்டு நாளில் வாசல் காவல் எவ்வளவு விழிப்பாக இருக்கிறது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

ஒரு செல்லுக்குள் வைரஸ் நுழைந்ததும், அந்தச் செல் அக்கம்பக்கத்துச் செல்களுக்கு, 'திருடன் வந்துட்டான், கதவைச் சாத்துங்க' என்று சேதி அனுப்பும். அந்தச் சேதிக்கு இன்டர்ஃபெரான் என்று பெயர். 1957ல் லண்டனில் அலிக் ஐசக்ஸ், ஜீன் லிண்டன்மன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது. சேதி கிடைத்த செல்கள் உஷாராகிவிடும். உள்ளே வைரஸ் பெருக இடம் கொடுக்காது.

ஜெர்மனியில் பெர்லின் நகரத்து சாரிட்டே மருத்துவமனை ஆராய்ச்சியாளர்கள், குழந்தைகள் மூக்கிலிருந்தும் பெரியவர்கள் மூக்கிலிருந்தும் செல்களை எடுத்து ஒப்பிட்டு, 2021ல் முடிவை வெளியிட்டார்கள். வைரஸை மோப்பம் பிடிக்கிற கருவிகள் குழந்தைகளின் செல்களில் நோய் வருவதற்கு முன்பே அதிகமாகத் தயாராக இருந்தன. பெரியவர்களின் செல்களிலோ வைரஸ் வந்த பிறகுதான் தேடி எடுக்க வேண்டியிருந்தது. அதற்குள் வைரஸ் குடும்பத்தோடு குடியேறிவிடுகிறது!

சாதாரணமாக நம் பிள்ளைகள் பால்வாடியிலும் பள்ளிக்கூடத்திலும் தெருப் புழுதியிலும் மாதத்துக்கு ஒரு தடுமம் வாங்கி வருகிறார்கள். சலித்துக்கொள்கிறோம். அவர்கள் வாசல் காவல் தூங்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் சிலர் நினைக்கிறார்கள்.

கல்யாணத்துக்குப் போய் வந்த குடும்பம்

இதற்கு அருமையான உதாரணம் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தில் ஒரு குடும்பம். 2020ல் அப்பாவும் அம்மாவும் வெளி மாநிலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தார்கள். கூடவே கொரோனாவும் வந்தது. வீட்டில் மூன்று பிள்ளைகள். பெற்றோரோடு ஒட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். பல முறை மூக்கில் குச்சி விட்டுச் சோதித்தும் பிள்ளைகளிடம் வைரஸ் அகப்படவே இல்லை. ஆனால் ரத்தத்தைச் சோதித்தால் மூவரிடமும் கொரோனா எதிர்ப்பொருள் இருந்தது! அதாவது கிருமி உள்ளே வந்திருக்கிறது. பெருகி வெளியே தெரிவதற்குள் அடக்கப்பட்டிருக்கிறது. மூவரில் கடைக்குட்டிக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. எதிர்ப்பொருள் மட்டும் அதற்குத்தான் அதிகம்.

எல்லாக் குழந்தைகளுக்கும் இப்படி எதிர்ப்பொருள் உண்டாவதும் இல்லை. அதே மெல்போர்னில் இன்னொரு ஆராய்ச்சியில், கொரோனா வந்த பெரியவர்களில் 100க்கு 76 பேருக்கு எதிர்ப்பொருள் உண்டாகியிருந்தது. குழந்தைகளில் 37 பேருக்குத்தான். அடுப்படியில் பற்றிய தீயை ஒரு சொம்புத் தண்ணீரில் அணைத்துவிட்டால் தெருவுக்குத் தெரியவா போகிறது? அதனால், 'ஒரு தடவை வந்துட்டுல்லா, இனி வராது' என்று பிள்ளைகள் விஷயத்தில் நம்பி இருக்க முடியாது.

ஆச்சியின் உடம்பில் என்ன நடந்தது?

வயதாக ஆக வாசல் காவல் மந்தமாகிவிடுகிறது. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. புது நோயை எதிர்க்கும் வீரர்களுக்கு அதுதான் பயிற்சிப் பள்ளி. குழந்தைப் பருவத்தில் கொழுகொழுவென்று இருக்கும்; வயதாக ஆகச் சுருங்கிவிடும். 60, 70 வயதுக்காரரிடம் பழைய நோய்களைத் தெரிந்த அனுபவசாலிகள் நிறைய உண்டு. முன்பின் தெரியாத எதிரிக்குப் புது ஆள் எடுப்பதுதான் கஷ்டம்.

இன்னும் ஒன்று. சில வயதானவர்களின் உடம்பு, தன்னுடைய இன்டர்ஃபெரானையே எதிரி என்று நினைத்துப் பிடித்துக் கட்டிப் போட்டுவிடுகிறது. கொரோனாவால் இறந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரிடம் இந்தக் கோளாறு இருந்ததாக 2021ல் கண்டுபிடித்தார்கள். கிருமி வருவதற்கு முன்பே, யாருக்கும் தெரியாமல் உடம்புக்குள் இருந்த கோளாறு அது.

வாசலில் தடுக்கப்படாத வைரஸ் நுரையீரலுக்கு இறங்குகிறது. இரண்டாவது காவல் தாமதமாக வந்து, வந்த வேகத்தில் கண்மண் தெரியாமல் அடிக்கிறது. அந்த அடியில் நுரையீரலும் சேர்ந்து சேதமாகிறது. பத்தாம் நாள் மூச்சுத் திணறல் வந்ததற்கு இதுவே காரணம்.

வயது செய்கிற வித்தியாசத்தை நம் தமிழ்நாட்டுக் கணக்கே சொல்கிறது. தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் சுகாதாரத் துறையினர் வீடு வீடாகத் திரட்டிய விவரத்தை வைத்து 2020 செப்டம்பரில் 'சயின்ஸ்' பத்திரிகையில் ஒரு பெரிய ஆராய்ச்சி வெளியானது. நோயாளிகளோடு பழகிய 5,75,071 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சி. நோய் உறுதியானவர்களில், 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 10,000 பேருக்கு 5 பேர் இறந்தார்கள். 85 வயதுக்கு மேல், 100 பேருக்கு 16 பேருக்கும் அதிகம். அதே கிருமி, அதே ஊர்தான்!

அப்போ பையன் கொடுத்தானா, இல்லையா?

குழந்தைகளிடமிருந்து கொரோனா பரவவே பரவாது என்று நான் சொல்ல மாட்டேன். பரவும். மேலே சொன்ன ஆராய்ச்சியிலும் குழந்தைகள், முக்கியமாகச் சம வயதுப் பிள்ளைகளுக்கு, கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் முதலில் காய்ச்சல் வந்தவர்தான் முதலில் கிருமியை வாங்கியவர் என்று எண்ணுவது தப்பு. கிருமி நுழைந்து நோய் தெரிய ஒருவருக்கு இரண்டு நாள், இன்னொருவருக்குப் பதினாலு நாள்கூட ஆகலாம். அவளையே கேட்டேன்: "அந்த வாரம் ஆச்சி எங்கெங்க போனாங்க?" யோசித்துச் சொன்னாள்: "ரேஷன் கடையில நிவாரணம் 2,000 ரூவா குடுத்தாங்கல்லா, அதுக்கு வரிசையில நின்னாங்க. அவுக அப்பாவும் அதுவரைக்கும் கடைக்குப் போய்ட்டுத்தான இருந்தாங்க." நாலு பேர் நாலு வழியில் வெளியே போய் வந்த வீட்டில், ஆறு வயதுப் பிள்ளையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறோம்!

சரி, அவனிடமிருந்தே வந்திருந்தாலும்தான் என்ன? தடுப்பூசி போட்டிருந்தால் ஆச்சிக்குப் பிழைக்க நல்ல வாய்ப்பு இருந்திருக்கும். ஊசி வந்திருந்தது, 45 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் 2021 ஏப்ரல் 1 முதல் போட்டார்கள். தெருப் பேச்சைக் கேட்டுப் பயந்து, "பார்த்துப் போடலாம்" என்று வீட்டில் தள்ளிப் போட்டார்கள். அது பெரியவர்கள் செய்த யோசனை. அவர்களையும் நான் குறை சொல்லவில்லை. அப்போது எங்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கணக்கில் குழந்தைக்குப் பங்கே கிடையாது.

அபூர்வமாக வரும் பின்விளைவு

இதைப் படித்துவிட்டு, 'பிள்ளைகளுக்கு ஒன்றும் செய்யாது' என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். கொரோனா வந்து போய், எல்லாரும் மறந்துவிட்ட பிறகு, இரண்டு முதல் ஆறு வாரம் கழித்து மிகச் சில குழந்தைகளுக்கு ஒரு தொல்லை வருகிறது. 'மிஸ்-சி' என்று டாக்டர்கள் சுருக்கிச் சொல்வார்கள். காவல்காரனே வீட்டுக்காரனை அடிப்பது போல, எதிர்ப்புச் சக்தி சொந்த உறுப்புகளையே தாக்குகிறது. வைரஸின் ஒரு பகுதி நம் உடம்பிலுள்ள ஒரு புரதத்தின் சாயலில் இருப்பதால், சில பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பம் நேர்கிறது என்று 2024ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள்.

2020ல் சென்னை காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் ஆஸ்பத்திரி டாக்டர்கள் 8 வயதுப் பையன் ஒருவனுக்கு இது வந்ததையும், இம்யூனோகுளோபுலின் முதலான மருந்துகளைக் கொடுத்துக் குணப்படுத்தியதையும் எழுதினார்கள். பிறகு சென்னையில் மேலும் பல குழந்தைகளிடம் கண்டார்கள். ஓமிக்ரான் வந்த பிறகு இது வெகுவாகக் குறைந்துவிட்டது. இருந்தாலும் அடையாளங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: மூன்று நாளுக்கு மேல் விடாத காய்ச்சல், கண் சிவத்தல், உடம்பில் தடிப்பு, உதடு வெடித்தல், கை கால் வீக்கம், கடுமையான வயிற்று வலி, வாந்தி. 'அருவியில் குளித்த சூடு', 'அம்மை' என்று வீட்டிலேயே வைத்திருக்க வேண்டாம். உடனே டாக்டரிடம் காட்டி, "ஒரு மாசம் முன்னே தடுமமும் காய்ச்சலும் இருந்தது" என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். சீக்கிரம் பார்த்தால் பெரும்பாலும் பூரண குணம்.

சாரல் காலத்தில் வீட்டில்

உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதமே கொரோனா அவசர நிலையை முடித்துவிட்டது. கிருமி மட்டும் போகவில்லை. மற்றச் சளிக் காய்ச்சல்களோடு வந்து போய்க்கொண்டுதான் இருக்கிறது. எது வந்தாலும் வீட்டுப் பக்குவம் ஒன்றுதான்.

* ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வாசல் காவல் மட்டும் போதாது. மூச்சுக் குழாய் சிறியது; சாதாரணத் தடுமமே நெஞ்சில் இறங்கிவிடும். தடுமம் பிடித்தவர் தூக்கி முத்தமிட வேண்டாம்.

* தாய்க்கே கொரோனா வந்தாலும் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. முகக்கவசம் கட்டிக்கொண்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுக் கொடுக்கலாம். பாலில் எதிர்ப்பொருளும் சேர்ந்தே போகிறது. 5 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு முகக்கவசம் கட்ட வேண்டாம்.

* குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் 5 வயதுக்குள் 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ராத்திரி என்று பார்க்காமல் 108க்குப் போன் செய்யுங்கள்.

* 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் வீட்டு வைத்தியமே வேண்டாம். நேரே டாக்டரிடம்.

* காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், குழந்தையின் எடைக்குத் தக்க அளவில், டாக்டரிடம் கேட்டுக் கொடுங்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது. போன தடவை எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக் பாட்டிலில் மிச்சம் இருக்கிறதே என்று எடுக்காதீர்கள். வைரஸிடம் அது பலிக்காது.

* கொதிக்கிற தண்ணீரில் ஆவி பிடிக்க வைத்துப் பிள்ளைகள் வெந்துபோய் வந்ததை வார்டில் பார்த்திருக்கிறேன். வேண்டாம். பெரிய பிள்ளைகளுக்குச் சுக்கு, துளசி போட்ட வெந்நீர் தொண்டைக்கு இதம், அவ்வளவுதான். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடாது.

* 'எதிர்ப்புச் சக்தி கூட்டும்' என்று டப்பாவில் வருகிற பவுடருக்குக் காசைக் கொட்ட வேண்டாம். அட்டவணைப்படி தடுப்பூசி, நேரத்துக்குத் தூக்கம், கீரை, பருப்பு, முட்டை, பழம். இதற்கு மேல் ஒரு டானிக் கிடையாது.

* வீட்டுப் பெரியவர்களுக்கு ஃப்ளூ ஊசியும் கொரோனா ஊசியும் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். சர்க்கரை, ஆஸ்துமா இருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

பையனிடம் சொன்னது

அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். திண்ணை ஓரத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். புளியரை செக்போஸ்ட் கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டான்.

"ஆச்சி செக்போஸ்டுல போலீஸ் தூங்கிட்டாங்களா, சிஸ்டர் ஆச்சி?"

"வயசாயிட்டுல்லா ராசா. அவங்களுக்குத் துணைக்கு ஆள் அனுப்பியிருக்கணும். அதுக்குத்தான் ஊசி. ஊசி போட வைக்க வேண்டியது பெரியவங்க வேலை. உன் வேலை இல்ல."

கொஞ்ச நேரம் தெருவில் விழுகிற சாரலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அப்ப நான் பாப்பாவப் பாக்கலாமா?" என்றான்.

"தடுமம் விடட்டும். அப்புறம் கையக் கழுவிட்டுத் தூக்கிக்கோ. தடுமம் பிடிச்சா உங்க அப்பாவுக்கும் இதே சட்டம்தான், எனக்கும் இதே சட்டம்தான்."

உள்ளே நின்றபடி கேட்டுக்கொண்டிருந்த அவன் அப்பா வெளியே வந்தார். ஒன்றும் பேசாமல் பையன் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கையைப் போட்டுக்கொண்டார். நாலு வருஷம் முன்பே நடந்திருக்க வேண்டியது.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் அந்த இரண்டு வருஷத்தில் யாரையாவது இழந்திருப்பீர்கள். வீட்டிலுள்ள பிள்ளை அதைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு நாள் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் மாடிக் கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மேலேயிருந்தே சத்தம் போட்டாள்: "அத்தை! தடுமம் விட்டுட்டு. காலையிலருந்து பாப்பாவ மடியில வச்சிக்கிட்டு எறக்கவே மாட்டேங்கான். சோப்புதான் ஒரே நாள்ல பாதி கரைஞ்சு போச்சு!"

கரையட்டும் என்றேன்.